பழைய லேப்டாப்பில் நெட்வொர்க் லேப்: முதலில் சுவர், பிறகு தாக்குதல்

நெட்வொர்க் பாதுகாப்பு கற்க வருகிறவர்கள் முதலில் இறக்குவது தாக்குதல் கருவிகள் நிறைந்த காலி (Kali) லினக்ஸைத்தான். அடுத்து நாலு கட்டளை அடித்துப் பார்ப்பார்கள், ஏதோ ஒன்று உடையும், படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் அதோடு சரி. நேர்முகத் தேர்வில் கேட்பது வேறு: ஸ்கேன் (எந்த வழி திறந்திருக்கிறது என்று தேடும் சோதனை) ஓடியபோது ஃபயர்வாலில் (நெட்வொர்க் போக்குவரத்தை வடிகட்டும் சுவர்) என்ன பதிந்தது? எந்த விதி பிடித்தது, எந்த விதி ஏன் பிடிக்கவில்லை? காட்பாடி, பாகாயம், ராணிப்பேட்டைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் இதை வீட்டிலிருந்தே பழகலாம். அதற்கு ஒரே லேப்டாப்புக்குள் சில மெய்நிகர் கணினிகளை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் லேப் வேண்டும், அதைத் தலைகீழ் வரிசையில் கட்ட வேண்டும். முதலில் ஃபயர்வாலும் அதன் விதிகளும், பிறகு தாக்கப்படும் பலி மெஷின், கடைசியில்தான் தாக்குதல்.

ஆரம்பிக்கும் முன் சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43, 66 பிரிவுகளின்படி, உரிமையாளர் அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் தீய நோக்கத்தோடு நுழைந்தால் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஹாஸ்டல் வைஃபை, பக்கத்து வீட்டு ரவுட்டர், கல்லூரி சர்வர் எல்லாமே அடுத்தவருடையதுதான். "சும்மா ஸ்கேன்தானே செய்தேன்" என்ற பதில் கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிடம்கூடச் செல்லாது.

மெஷின்

16 ஜிபி ரேம் இருந்தால் நிம்மதி, 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம். புராசசர் இன்டெல் 8-ஆம் தலைமுறை ஐ5 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். எஸ்எஸ்டியில் 120 ஜிபி காலி இடம் வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் நாலு மெஷினை ஒன்றாக ஓட்டினால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்துக் கிடக்க நேரும். பழைய லேப்டாப் வாங்குவதானால், வேலூரோ ரிச்சி தெருவோ, ரேம் ஸ்லாட் எத்தனை என்று கேட்டு வாங்குங்கள். திங்க்பேட் டி480-இல் இரண்டு ஸ்லாட் உண்டு, 8 ஜிபியை 16 ஆக்குவது எளிது. பெயரில் ஒரு எஸ் மட்டும் கூடுதலாக இருக்கும் டி480எஸ்-இல் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, ஸ்லாட் ஒன்றுதான்.

டெஸ்க்டாப்பை விட லேப்டாப் நல்லது என்பதற்கு நம் ஊரில் தனிக் காரணம் இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால் டெஸ்க்டாப்பில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா மெஷினும் பாதியில் விழும். ஃபைல் சிஸ்டம் சிதையும். டெஸ்க்டாப்தான் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை: 60 வாட் இழுக்கும் கணினியை தினம் 6 மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட்.

வெயில்தான் பெரிய எதிரி. கத்திரி நாட்களில் மதியம் மெத்தை மேல் லேப்டாப்பை வைத்து நாலு மெஷின் ஓட்டினால் புராசசர் சூட்டைத் தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நெட்வொர்க்கில் ஏதோ கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவீர்கள். மேசை மேல், பின்பக்கம் சற்றே உயர்த்தி வையுங்கள். ஒரு மெஷினுக்கு 2 கோருக்கு மேல் கொடுக்காதீர்கள். அந்த நாட்களில் பொழுது சாய்ந்த பிறகு உட்காருவதே மேல்.

வரைபடம்

எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்பதைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நம் லேபில் நாலு மெஷின். தெரிந்த ஊர்ப் பெயர்களை வைத்தால் குழப்பம் வராது.

காட்பாடி: ஃபயர்வால். ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச ஃபயர்வால் மென்பொருள் ஓடும். எல்லா வண்டியும் இந்த ஜங்ஷன் வழியாகத்தான் போகும். மூன்று நெட்வொர்க் அட்டைகள்.

ஏலகிரி: தாக்கும் மெஷின், காலி லினக்ஸ். 'சிவப்பு' நெட்வொர்க், 10.10.10.0/24 (10.10.10. என்று தொடங்கும் முகவரிகள்).

ஆம்பூர்: வேண்டுமென்றே ஓட்டைகளோடு செய்யப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2. 'பச்சை' நெட்வொர்க், 10.10.20.0/24.

குடியாத்தம்: டெபியன் லினக்ஸ், டெஸ்க்டாப் இல்லாமல். இதுவும் பச்சையில்.

ரேம் பங்கீடு: காட்பாடிக்கு 2 ஜிபி, ஏலகிரிக்கு 4, ஆம்பூருக்கு 512 எம்பி, குடியாத்தத்துக்கு 1. மீதி விண்டோஸுக்கு. 8 ஜிபி லேப்டாப்பில் ஏலகிரியை 2 ஆகக் குறைத்து, குடியாத்தத்தைத் தேவைப்படும்போது மட்டும் எழுப்புங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ்

மெஷின்களை லேப்டாப்புக்குள் ஓட்டும் மென்பொருள் இது. முதலில் பயாஸுக்குள் (கணினி எழும்போதே திறக்கும் அமைப்புப் பக்கம்) போய் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 64 பிட் மெஷின் எதுவும் எழாது. விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி ஏதாவது ஒரு மெஷினை ஓடவிட்டதும் சன்னலின் கீழ்ப்பட்டையைக் கவனியுங்கள். அங்கே பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மென்பொருளான ஹைப்பர்-வி குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. எல்லாமே ஆமை வேகத்தில்தான் போகும். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டையும் எடுத்துவிட்டு, விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசலேஷனின் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு வசதி. அன்றாட வேலைக்கும் அதே லேப்டாப் என்றால், லேப் முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸில் நெட்வொர்க் வகைகள் பல. நமக்கு வேண்டியவை இரண்டே: நாட் (லேப்டாப் வழியாக வெளியே போக), இன்டர்னல் நெட்வொர்க் (மெஷின்களுக்குள் மட்டும் பேச). பிரிட்ஜ்டு பக்கமே போகாதீர்கள். பிரிட்ஜ்டு கொடுத்தால் ஓட்டை நிறைந்த ஆம்பூர் உங்கள் வீட்டு வைஃபையில், அம்மா ஃபோனுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். ஹாஸ்டலில் என்றால் மொத்த ஹாஸ்டலுக்கும் தெரியும்.

காட்பாடியைக் கட்டுவது

புது மெஷின், வகை ஃப்ரீபிஎஸ்டி 64 பிட், டிஸ்க் 20 ஜிபி. நிறுவும்போது மட்டும் ரேம் 4 ஜிபி கொடுங்கள். குறைவாகக் கொடுத்தால் கோப்புகளை எழுதும் கட்டத்தில் நினைவகம் போதாமல் நின்றுவிடலாம். முடிந்த பிறகு 2 ஆக்கலாம். மூன்று அட்டைகளும் இன்டெல் ப்ரோ/1000 வகையாக இருக்கட்டும். முதலாவது நாட். இரண்டாவது இன்டர்னல் நெட்வொர்க், பெயர் சிவப்பு. மூன்றாவது இன்டர்னல், பெயர் பச்சை. இந்தப் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில், எல்லா மெஷினிலும் அச்சு அசலாக ஒரே மாதிரி அடிக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினால் விர்ச்சுவல்பாக்ஸ் எதுவும் சொல்லாமல் அதே போலொரு புது நெட்வொர்க்கை உருவாக்கிவிடும். "எல்லாம் சரியாக இருக்கிறது, பிங் மட்டும் போகவில்லை" என்ற புலம்பலுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

ஓபிஎன்சென்ஸ் ஐஎஸ்ஓ சுருக்கிய கோப்பாக வரும், விரித்துக்கொள்ளுங்கள். பூட் ஆனதும் 'இன்ஸ்டாலர்' என்ற பயனர் பெயர், 'ஓபிஎன்சென்ஸ்' என்ற கடவுச்சொல். ஃபைல் சிஸ்டமாக யுஎஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டில் ஒன்றைக் கேட்கும். இசட்எஃப்எஸ் எடுங்கள், திடீர் மின்தடையை அது நன்றாகத் தாங்கும். நிறுவி முடிந்ததும் ஐஎஸ்ஓவை மெஷினிலிருந்து கழற்றுங்கள். கழற்றாவிட்டால் அடுத்த முறையும் லைவ் முறையிலேயே எழும். செய்த அமைப்பெல்லாம் அணைத்ததும் மறைந்துவிடும்.

கன்சோல் மெனுவில் 1-ஐ அழுத்தி அட்டைகளை நீங்களே ஒதுக்குங்கள். முதல் அட்டை வேன் (வெளிப்பக்கம்), இரண்டாவது லேன் (சிவப்பு), மூன்றாவது ஆப்ட்1 (பச்சை). தானாக விட்டால் முதல் அட்டையையே லேன் என்று எடுத்துக்கொள்ளும், எல்லாம் இடம் மாறிவிடும். சந்தேகம் வந்தால் மேக் முகவரியை (ஒவ்வொரு அட்டைக்கும் உள்ள தனி எண்) விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்போடு ஒப்பிடுங்கள். பிறகு 2-ஐ அழுத்தி லேனுக்கு 10.10.10.1, ஆப்ட்1-க்கு 10.10.20.1, இரண்டுக்கும் நெட்வொர்க் அளவு 24. டிஎச்சிபி சர்வர் (மெஷின்களுக்குத் தானாக முகவரி தருவது) வேண்டுமா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லி, முகவரியின் கடைசி எண்ணை 100 முதல் 150 வரை கொடுங்கள்.

ஏலகிரியும் மூன்று விதிகளும்

காலி லினக்ஸின் விர்ச்சுவல்பாக்ஸ் படிமம் தயாராகவே கிடைக்கும், புதிதாக நிறுவ வேண்டாம். இறக்கியதும் எஸ்எச்ஏ256 தொகையை (கோப்பின் கைரேகை போன்ற எண்) சரிபாருங்கள்; இது வெறும் சடங்கு இல்லை, பாதியில் அறுந்த டவுன்லோடும் இதில்தான் பிடிபடும். ஒரே அட்டை, சிவப்பு. பிரவுசரில் 10.10.10.1 திறந்து, ரூட் கடவுச்சொல்லை முதல் வேலையாக மாற்றுங்கள்.

இப்போது ஒரு பொறி. ஏலகிரி சிவப்பில்தானே இருக்கிறது, வெளியே போகாது என்று நினைப்பீர்கள். போகும். லேனில் இயல்பாகவே 'எல்லாம் அனுமதி' விதி இருக்கிறது. காட்பாடியின் வேன், விர்ச்சுவல்பாக்ஸ் நாட் வழியாக உங்கள் வீட்டு ரவுட்டர் வரை எட்டும். ஸ்கேன் முகவரியில் ஒரு எண்ணைத் தவறாக அடித்தால் வீட்டு டிவியையோ ஹாஸ்டல் சர்வரையோ தட்டுவீர்கள். ஆகவே லேன் விதிகளை இந்த வரிசையில் எழுதுங்கள். மேலிருந்து கீழாகத்தான் அது பார்க்கும்.

முதல் விதி: 10.10.20.0/24-க்கும், லேன் முகவரிக்கும் அனுமதி. இரண்டாவது: 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 மூன்றுக்கும் (உள் நெட்வொர்க்குகளுக்கான முகவரிகள்) தடை, லாகிங்கோடு. மூன்றாவது: மற்றதெல்லாம் அனுமதி, அப்டேட்டுக்காக. இரண்டும் மூன்றும் இடம் மாறினால் தடையே இல்லாத மாதிரி. முதல் விதியில் லேன் முகவரியை விட்டுவிட்டால் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக்கும் சேவை) செத்துப்போகும், இணையமே போன மாதிரி தோன்றும்.

ஆப்ட்1-இல் எந்த விதியும் எழுதாதீர்கள். விதியில்லாத இடத்தில் ஓபிஎன்சென்ஸ் எல்லாவற்றையும் தடுக்கும். பச்சையிலிருந்து எதுவும் தானாக வெளியே கிளம்ப முடியாது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஆம்பூர், குடியாத்தம்

மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2 உபுண்டு 8.04 மேல் கட்டியது, ஐஎஸ்ஓவாக வராது, விஎம்டிகே டிஸ்காக வரும். புது மெஷின் உருவாக்கும்போது 'ஏற்கெனவே இருக்கும் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தெடுத்து அதைக் காட்டுங்கள். அட்டை பச்சை. பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டும் 'எம்எஸ்எஃப்அட்மின்'. காட்பாடி முழுதாக எழுந்த பிறகே ஆம்பூரை எழுப்புங்கள். முந்திக்கொண்டால் முகவரி கிடைக்காமல் நிற்கும்.

குடியாத்தத்தில் ஒரு சிக்கல்: பச்சைக்கு இணையம் இல்லை. அதனால் டெபியனை முதலில் சிவப்பில் வைத்து நிறுவி, ஓபன்எஸ்எஸ்எச் சர்வர், டெல்நெட் கிளையன்ட் (இரண்டும் தொலைவிலிருந்து உள்நுழைய), டிசிபிடம்ப் (போக்குவரத்தைப் பிடித்துப் பார்க்க), ஃபெயில்2பேன் (தவறான கடவுச்சொல் முயற்சிகளைத் தடுக்க) ஆகியவற்றையும் போட்டுவிட்டு, பிறகு பச்சைக்கு மாற்றுங்கள்.

சோதனை: ஆம்பூரிலிருந்து 8.8.8.8-க்கு பிங். பதில் வரக் கூடாது. வீட்டு ரவுட்டருக்கும் பிங் அடியுங்கள் (192.168.1.1, ஜியோ என்றால் 192.168.29.1). வரக் கூடாது. ஏலகிரியிலிருந்தும் ரவுட்டருக்கு அடியுங்கள். அதுவும் வரக் கூடாது. காட்பாடியின் லைவ் வியூவில் (ஃபயர்வால் லாகை நேரடியாகக் காட்டும் பக்கம்) சிவப்புக் கோடு விழ வேண்டும். மூன்றும் சரியென்றால் நாலு மெஷினையும் அணைத்து, ஒவ்வொன்றுக்கும் 'சுத்தம்' என்ற பெயரில் ஸ்னாப்ஷாட் (திரும்பி வரக்கூடிய நிலைப் பதிவு) எடுங்கள். ஒன்று தவறினாலும் மேற்கொண்டு போகாதீர்கள்.

முதல் தாக்குதலும் அதன் மறுபக்கமும்

ஏலகிரியிலிருந்து ஆம்பூரை என்மேப் என்ற ஸ்கேன் கருவியால் இயல்பான அமைப்பில் ஸ்கேன் செய்தால் 23 திறந்த போர்ட்டுகள் (சேவைகள் காத்திருக்கும் எண்ணிட்ட கதவுகள்) வரும். இயல்பான ஸ்கேன் அதிகம் பயன்படும் 1000 போர்ட்டுகளை மட்டுமே பார்க்கிறது. 65535-ஐயும் பார்க்கச் சொன்னால் 3632, 6697, 8787 போன்றவையும் தலை காட்டும். தணிக்கைக்குப் போகிறவர்கள் முதல் பட்டியலோடு திரும்பி வருவது எவ்வளவு ஆபத்து என்பது இங்கேயே புரியும்.

இப்போது காட்பாடியில் சர்வீசஸ் பகுதியிலுள்ள இன்ட்ரூஷன் டிடெக்ஷனை இயக்குங்கள். உள்ளே ஓடுவது சுரிகாட்டா, போக்குவரத்தில் தாக்குதலின் தடயம் தேடும் மென்பொருள். இடைமுகம் ஆப்ட்1. தடுக்கும் முறை இப்போதைக்கு வேண்டாம், பார்த்தால் போதும். டவுன்லோட் தாவலில் ஈடி ஓபன் என்ற இலவச விதித் தொகுப்பிலிருந்து ஸ்கேன், எக்ஸ்ப்ளாய்ட், அட்டாக் ரெஸ்பான்ஸ் மூன்றையும் எடுங்கள். மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பெரும்பாலும் ஒரு எச்சரிக்கையும் வராது.

காரணம் இதுதான். அந்த விதிகளில் பல 'வெளியிலிருந்து வீட்டுக்கு' என்ற திசையில் எழுதப்பட்டவை. 'வீடு' என்பதன் இயல்பான பட்டியலில் 10.0.0.0/8 முழுதும் அடங்கும். ஆக சுரிகாட்டாவின் கண்ணுக்கு ஏலகிரியும் வீட்டுப் பிள்ளைதான். அட்வான்ஸ்டு அமைப்பைத் திறந்து ஹோம் நெட்வொர்க்ஸில் 10.10.20.0/24-ஐ மட்டும் விடுங்கள். இப்போது ஸ்கேன் செய்து அலர்ட்ஸ் தாவலைப் பாருங்கள். நிறுவனங்களிலும் இதே தவறான பட்டியலோடு, எச்சரிக்கையே தராத சென்சார்கள் ஓடிக்கொண்டிருப்பது உண்டு.

அடுத்தது 21-ஆம் போர்ட்டில் இருக்கும் விஎஸ்எஃப்டிபிடி 2.3.4 என்ற கோப்புப் பரிமாற்ற சர்வர். 2011-இல் இதன் மூலக் கோப்பிலேயே யாரோ பின்கதவு வைத்துவிட்டார்கள். பயனர் பெயரின் முடிவில் சிரிப்புக் குறி வந்தால் 6200-ஆம் போர்ட்டில் ரூட் ஷெல் (முழு அதிகாரத்தோடு கட்டளை அடிக்கும் இடம்) திறக்கும். காலியிலுள்ள தாக்குதல் கருவியான மெட்டாஸ்ப்ளாய்ட்டில் இதற்கான மாட்யூல் இருக்கிறது. ஷெல் கிடைத்ததும் 'ஐடி' கட்டளையை அடியுங்கள். ரூட் என்ற பதில் வரும், அதே நொடியில் காட்பாடியில் 2100498 என்ற எண்ணுள்ள விதி கத்தும்: சங்கேதம் செய்யாத பாதையில் 'யுஐடி 0 ரூட்' என்ற சொற்றொடர் போவதை அது பார்த்துவிட்டது. வரவில்லையென்றால் ரூல்ஸ் தாவலில் அந்த எண்ணைத் தேடி இயக்குங்கள். இரண்டாம் முறை தாக்குதல் பலிக்காவிட்டால் 6200 ஏற்கெனவே திறந்து கிடக்கிறது என்று அர்த்தம், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள்.

மூன்றாவதாக சாம்பா என்ற கோப்புப் பகிர்வு சேவையின் பழைய ஓட்டையை, யூசர்மேப் மாட்யூலால், ரிவர்ஸ் ஷெல்லோடு முயலுங்கள். மாட்யூல் ஓடும், செஷன் வராது. முந்தைய தாக்குதலில் இணைப்பு நம் பக்கமிருந்து போனது. இதில் ஆம்பூர் தானாகக் கிளம்பி ஏலகிரிக்கு வர வேண்டும், ஆப்ட்1-இல் அதற்கு வழியில்லை. ஓட்டை இருந்தும் தாக்குதல் தோற்றுவிட்டது. ஆப்ட்1-இல் 10.10.10.0/24-க்குத் தற்காலிக அனுமதி எழுதி மறுபடி முயலுங்கள், வரும். உடனே அந்த விதியை அழியுங்கள். உள்ளே வருவதைத் தடுக்க எல்லோரும் விதி எழுதுகிறார்கள். வெளியே போவதை வடிகட்டுவது எவ்வளவு பலம் என்பதை இந்த ஒரு பயிற்சி காட்டிவிடும்.

ஒவ்வொன்றுக்கும் நோட்டில் நாலு நெடுவரிசை போடுங்கள்: நேரம், செய்தது, லாகில் தெரிந்தது, தடுக்கும் விதி. லேப்டாப்பைத் தூங்கவைத்து எழுப்பினால் மெஷின்களின் கடிகாரம் பின்தங்கும். நேரம் ஒத்துப்போகாத லாகை வைத்து எதையும் நிறுவ முடியாது.

ஃபயர்வாலுக்குத் தெரியாத தாக்குதல்

ஏலகிரியின் அட்டையைப் பச்சைக்கு மாற்றுங்கள். குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு டெல்நெட் போட்டு, நடுவே ஏலகிரியில் ஏஆர்பி ஸ்பூஃபிங் ('அந்த ஐபி என்னுடையது' என்று பொய் சொல்லிப் போக்குவரத்தைத் தன் பக்கம் திருப்புவது) நடத்தினால், போக்குவரத்தைக் காட்டும் வயர்ஷார்க்கில் கடவுச்சொல் எழுத்தெழுத்தாக வரும். ஏஆர்ப்ஸ்பூஃப் கருவி என்றால் முதலில் ஏலகிரியில் ஐபி ஃபார்வர்டிங்கை (வந்ததை உரியவருக்குக் கடத்தும் வசதி) இயக்க வேண்டும். இல்லையென்றால் இருவருக்கும் இடையே இணைப்பே அறுந்துபோகும். இன்னொரு கருவியான பெட்டர்கேப் அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

காட்பாடியில் ஒரு எச்சரிக்கையும் இருக்காது. ஒரே நெட்வொர்க்குக்குள் நடக்கும் பேச்சு ஃபயர்வாலைத் தொடுவதே இல்லை. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது கோட்டைக்குள்ளிருந்து. அத்தனை அகலமான அகழி அந்த இரவில் யாருக்கும் தடையாக இல்லை.

குடியாத்தத்தின் ஏஆர்பி அட்டவணையைப் பாருங்கள்: இரண்டு வேறு ஐபிகளுக்கு, 08:00:27 என்று தொடங்கும் ஒரே மேக் முகவரி இருக்கும். அடையாளம் அதுதான். ஆம்பூரின் சரியான மேக்கை நிரந்தரப் பதிவாக்கினால் குடியாத்தத்திலிருந்து போவது ஏலகிரிக்குத் திரும்பாது. ஆம்பூரிலிருந்து வருவதையும் காக்க அங்கேயும் அதே பதிவு வேண்டும். நூறு மெஷின் உள்ள அலுவலகத்தில் இது நடக்காத காரியம். அங்கே போலி ஏஆர்பியைத் தடுக்க ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கும் டைனமிக் ஏஆர்பி இன்ஸ்பெக்ஷனும் வேண்டும். சங்கேதம் செய்யாத டெல்நெட்டை விட்டு, சங்கேதம் செய்யும் எஸ்எஸ்எச்சுக்கு மாறுவது அதை விட முக்கியம். ஆம்பூருக்குப் புதிய டெபியனிலிருந்து எஸ்எஸ்எச் போட்டால் 'பொருந்தும் ஹோஸ்ட் கீ வகை இல்லை' என்று மறுக்கும். ஆம்பூர் அவ்வளவு பழையது, அந்த இணைப்புக்கு மட்டும் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏவை அனுமதித்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்தின் எஸ்எஸ்எச் மீது ஹைட்ரா என்ற ஊகிக்கும் கருவியால் கடவுச்சொல் பட்டியலை ஓட்டி, ஃபெயில்2பேன் தடுப்பதையும் பாருங்கள். இயல்பாக 10 நிமிடத்தில் 5 தவறு என்றால் 10 நிமிடத் தடை. டெபியன் 12-இல் அது எழவே மறுக்கலாம்: தேடும் ஆத் லாக் (உள்நுழைவுப் பதிவு) கோப்பு அங்கே இயல்பாக இல்லை. பேக்எண்டை சிஸ்டம்டி என்று மாற்றினால் ஓடும்.

வைஃபை பழக வேண்டுமென்றால் தனியாக ஒரு பழைய ரவுட்டர், மானிட்டர் மோட் (சுற்றியுள்ள வைஃபை பேச்சு முழுவதையும் கேட்கும் முறை) உள்ள யுஎஸ்பி அடாப்டர். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் வாங்கச் சொல்வார்கள். அதில் முதல் பதிப்பு மட்டுமே சிக்கலில்லாமல் ஓடும், அடுத்த பதிப்புகளில் உள்ளே சிப்பே வேறு. பெட்டியில் பதிப்பு எண்ணைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். அபார்ட்மென்டிலும் ஹாஸ்டலிலும் டீஆத் (வைஃபையிலிருந்து இணைப்பைத் துண்டிக்கும் தாக்குதல்) பயிற்சி வேண்டவே வேண்டாம்; அலை சுவரோடு நிற்காது.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு பச்சையில் விண்டோஸ் சர்வர் ஒன்றைச் சேர்த்து ஆக்டிவ் டைரக்டரி (அலுவலகப் பயனர்களையும் கணினிகளையும் ஒரே இடத்தில் நிர்வகிப்பது) பழகலாம். மதிப்பீட்டுப் பதிப்பு 180 நாள் ஓடும், விண்டோஸ் எண்டர்பிரைஸ் கிளையன்ட் 90 நாள். ஆளுக்கு 4 ஜிபி கேட்கும் என்பதால், 16 ஜிபி லேப்டாப்பில் குடியாத்தத்தையும் ஆம்பூரையும் அணைத்துவிட்டுத்தான் அவற்றை எழுப்ப வேண்டியிருக்கும்.